ஹெஸ்டர் பிளிம்ப்டனும் ஒன்பது வருடத் திராட்சைச் சாறும்

எங்கள் செயின்ட் மத்தியாஸ் ஆலயத்துக்கு இந்த வருடம் நூற்றைம்பது வயது ஆகிறது. அதற்கு ஒரு வரலாறு எழுத வேண்டும் என்று ஆலயக் கமிட்டி முடிவு செய்தபோது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "லேலண்ட், அறுவடைதான் முடிஞ்சுபோச்சே, இனி உனக்கு என்ன வேலை?" என்றார்கள். இப்படிக் கேட்பவர்கள் யாரும் ஜனவரிக் குளிரில் திராட்சைக் கொடி வெட்டிப் பார்த்ததில்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

ஆலயத்தின் கூடத்தில் பதினான்கு பாதிரியார்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. முதலாமவர் உறைந்த ஏரியின் மேல் குதிரை வண்டி ஓட்டி, பாதி வழியில் வண்டியோடு உள்ளே போனவர். குதிரை மட்டும் திரும்பி வந்தது. ஆறாமவர் ஆர்கன் வாசித்த பெண்ணோடு ஒஹாயோவுக்குப் போய்விட்டார். அவர் படத்தை நாங்கள் கழற்றவில்லை. கதவைத் திறந்தால் மறைந்துபோகிற இடத்தில் மாட்டிவைத்தோம். நாங்கள் அப்படிப்பட்டவர்கள். எதையும் இல்லையென்று சொல்லமாட்டோம், எதையும் வாய்விட்டுப் பேசவும் மாட்டோம். இது நல்ல குணம் என்று ஐம்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பதினான்கு பேரைப் பற்றியும் எழுதிக் கமிட்டியிடம் கொடுத்தாகிவிட்டது. இப்போது எழுதப்போவது படம் இல்லாத ஒருவரைப் பற்றி. இதை அச்சடிப்பார்களா என்று தெரியவில்லை. அடிக்காவிட்டால் நானே நகல் எடுத்து இருக்கைக்கு ஒன்றாக வைத்துவிடுவேன்.

ஹெஸ்டர் பிளிம்ப்டன் எங்கள் ஹாலெட்ஸ் பாயிண்ட் பள்ளிக்கூடச் சமையலறையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். குட்டையான, தோள் அகன்ற பெண். கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். நானும் அந்தப் பள்ளியில் அவர் போட்டதைச் சாப்பிட்டவன்தான். யாராவது தட்டில் மிச்சம் வைத்தால் விடமாட்டார். கரண்டியோடு மேசைக்கே வந்து, குனிந்து, "ஏன் சாப்பிடல?" என்று கேட்பார். அதட்டல் இல்லை. பதில் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். பல் வலியா, வீட்டில் சண்டையா, அப்பாவுக்கு வேலை போய்விட்டதா, எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் வெளியே வந்துவிடும். பாதி ஊரின் ரகசியம் அவருக்குத் தெரியும். ஒன்றையும் அவர் வெளியே விட்டதில்லை.

அவர் கணவர் ராஸ்கோ குடித்தே செத்தார். அதுவும் எல்லோருக்கும் தெரியும், அதையும் யாரும் பேசவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருடம் மார்ச் மாதம், தங்கள் தோட்டத்திலேயே, இரண்டு கொடி வரிசைக்கு நடுவில் விறைத்துக் கிடந்தார். ஹெஸ்டர்தான் போய்ப் பார்த்தார். சவ அடக்கத்தில் பாதிரியார் "நீண்டநாள் நோய்" என்றார். நாங்கள் தலையாட்டினோம்.

அதற்குப் பிறகு ஹெஸ்டர் பீட வேலையை ஏற்றுக்கொண்டார். சனிக்கிழமை காலையில் வந்து, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் வெள்ளித் தட்டுகளைத் துடைப்பார், துணிகளை இஸ்திரி போடுவார், கண்ணாடிக் குடுவையில் ஒயினை ஊற்றி மூடி வைப்பார். ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் ஒரு மடக்கு ஒயின் குடிக்கிற திருவிருந்துக் கிண்ணத்தைத் துடைக்கிற வெள்ளைத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்பதும் அவர்தான். வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

எழுபத்தேழில் ஃபாதர் லாயல் பிராக்கெட் எங்களிடம் வந்தார். பதின்மூன்றாவது படம், மெலிந்த முகம், பெரிய காது. அருமையான மனிதர். நோயாளி வீட்டுக்குப் போனால் பேசமாட்டார். பாத்திரம் கழுவிவைத்துவிட்டு வருவார். ஆனால் இரண்டு வருடத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. எங்கள் சபையில் கிண்ணத்தில் மிஞ்சியதைப் பாதிரியார் பீடத்திலேயே, எல்லோர் முன்னாலும், குடித்து முடிக்க வேண்டும். நாற்பது பேர் வருகிற ஞாயிற்றுக்கிழமையில் அவர் நூறு பேருக்கு ஊற்ற ஆரம்பித்தார். மிஞ்சியதை அவர் அண்ணாந்து குடிக்கிற நேரம் வாரத்துக்கு வாரம் நீண்டது. ஆர்கன் வாசிக்கிற கார்டீலியா டிரஸ்க் அதற்கேற்றபடி பாட்டை இழுத்து வாசிக்கப் பழகிக்கொண்டார். வேறு யாரும் எதுவும் செய்யவில்லை.

எழுபத்தொன்பது ஆகஸ்டில் ஃபாதர் ஆறு வாரம் காணாமல் போனார். "முதுகு வலி, ராச்செஸ்டர்ல வைத்தியம்" என்று கமிட்டி அறிவித்தது. அறிவித்தவன் நான்தான். அக்டோபரில், ஊர் முழுக்கத் திராட்சை வாசம் அடிக்கிற வாரத்தில், அவர் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் அந்தச் சின்ன அறை வாசலில் வந்து நின்று, குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருந்தனவாம். ஹெஸ்டர் பின்னால் என்னிடம் சொன்னார். மிச்சத்தை வேறொருவரைக் குடிக்கச் சொல்லியிருக்கலாம், சபை விதி அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் ஏன் என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிவரும்.

மறுநாள் காலை பீடத்துக் கிராதியில் மண்டியிட்டேன். அப்பத்தை வாங்கினேன். கிண்ணம் வந்தது. ஒரு மடக்கு குடித்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒயின் இல்லை. சாறு! எங்கள் ஊர்க் கருநீலத் திராட்சையின் சாறு, வீட்டில் காய்ச்சி, ஜாடியில் அடைத்தது, தோல் கொஞ்சம் அதிகம் கொதித்தது. நான் பிறந்ததிலிருந்து குடிக்கிற பானம் அது. ஆனால் இந்த இடத்தில், இந்தக் கிண்ணத்தில்! மெதடிஸ்டுகள் செய்வார்கள், அது அவர்கள் வழக்கம். எங்கள் சபையில் ஒயின்தான் என்பது விதி. நூற்றைம்பது வருடத்தில் எதற்கெல்லாமோ வளைந்து கொடுத்திருக்கிறோம், இதற்கு இல்லை.

கண்ணைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தேன். குடித்தவர்கள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஆலயக் கூரை பற்றி எரிந்தாலும் பாட்டின் கடைசிச் சரணம் முடியட்டும் என்று நிற்கிற கூட்டம் இது. யாருக்கும் தெரியவில்லை, எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஹெஸ்டர் சின்ன அறை வாசலில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீடத்துக்கு வரவில்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

ஒன்பது வருடம் நான் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன். காப்பி நேரத்தில் யாராவது "இன்னைக்கு ஒயின்..." என்று வாயைத் திறந்தால் உடனே பனியைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ பேச ஆரம்பிப்பேன். கிண்ணத் துணிகளில் ஊதாக் கறை ஏறி, எவ்வளவு வெளுத்தாலும் போகாமல் இருந்தது. அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டேன். பிஷப் வருகிற நாளில் மட்டும் ஹெஸ்டர் அலமாரியிலிருந்து உண்மையான ஒயினை எடுப்பார். அன்று பிஷப்போடு உதவிக்கு ஒரு டீக்கன் வருவார், மிச்சத்தை அவர் முடித்துவிடுவார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று மனதுக்குள் மெச்சிக்கொள்வேன். என்னையும் சேர்த்துத்தான். ஃபாதர் பிராக்கெட் அந்த ஒன்பது வருடத்தில் ஒரு சொட்டு தொடவில்லை.

எண்பத்தெட்டு டிசம்பரில் ஏரிப்பக்கமிருந்து வந்த பனி, நெடுஞ்சாலையை மூடிவிட்டது. வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த பிஷப் வழியில் மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் விடுதியில் தங்கியிருக்கிறார். ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு, முழங்கால் வரை பனியோடு, தனியாக ஆலயத்துக்குள் நுழைந்தார். டீக்கன் இல்லை. பிஷப் இருக்கும் இடத்தில் திருவிருந்தை அவர்தான் நடத்த வேண்டும். பக்கத்தில் நிற்கிற பாதிரியார்தான் மிச்சத்தை முடிக்க வேண்டும்.

நான் சின்ன அறைக்கு ஓடினேன். ஹெஸ்டர் ஒரு கையில் சாறு இருந்த குடுவை, இன்னொரு கையில் ஒயின் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். ஒயினை ஊற்றினால் பிஷப்புக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மிச்சம் ஃபாதருக்குப் போகும், அந்தப் பனியிலும் வந்திருந்த இருபத்துமூன்று பேர் முன்னால், மறுக்க வழியில்லாமல். சாற்றையே வைத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. "குளிருது, கதவைச் சாத்து லேலண்ட்" என்றார். பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பிஷப் கிண்ணத்தை உயர்த்தி, ஜெபத்தைச் சொல்லி, குடித்தார். நின்றுவிட்டார். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் ஒன்றும் நடக்காதது போல அடுத்த வரியைச் சொன்னார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கூடத்தில் காப்பிக்குக் கூடினோம். ஹெஸ்டர் பக்கத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற ஒரு பெரிய ஜன்னல் உண்டு. பிஷப் உள்ளே போனார், ஃபாதரும் நானும் பின்னால் போனோம். ஜன்னலைச் சாத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மிசஸ் பிளிம்ப்டன், இன்னைக்குக் கிண்ணத்துல இருந்தது என்னங்க?" பிஷப் மெதுவாகத்தான் கேட்டார்.

"சாறு."

"பனில ஒயின் தீர்ந்துபோச்சாக்கும்?"

தப்பிக்க அவரே வழி காட்டினார் என்று இன்றும் நினைக்கிறேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"தீரல. அலமாரில இருக்கு. ஒன்பது வருஷமா நாந்தான் மாத்தி வைக்கிறேன். யாருக்கும் தெரியாது, ஃபாதருக்கும் தெரியாது. என்னை வெளிய அனுப்பணும்னா அனுப்பிடுங்க. அவரை மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க."

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஃபாதர் பிராக்கெட் முன்னால் வந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "முதல் ஞாயித்துக்கிழமையே தெரியும். கமிட்டி முடிவு பண்ணியிருக்கு, எங்கிட்ட சொல்லக் கூச்சப்படறாங்கன்னு நெனச்சேன். கேட்டா என் விஷயமும் வெளிய வந்துரும்னு பேசாம இருந்துட்டேன்."

"கமிட்டியா?" என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "கமிட்டிக்கு ஒண்ணுமே தெரியாதே! எனக்கு மட்டுந்தானே தெரியும்!"

ஜன்னல் வழியாகக் கார்டீலியா டிரஸ்கின் தலை உள்ளே வந்தது. "உனக்கு மட்டுமா? எங்க நாக்கெல்லாம் என்ன மரக்கட்டையா லேலண்ட்? ஊரே திராட்சை பறிச்சுப் பொழைக்குது. பிஷப் வந்தா ஒயின், வராட்டி சாறு. இதைக் கண்டுபிடிக்க நீ வேற வேணுமா?"

"எண்பத்துமூணாம் வருஷத்துச் சாறு சரியான புளிப்பு" என்றது அவருக்குப் பின்னால் ஒரு ஆண் குரல்.

"அந்த வருஷம் மழை ஜாஸ்தி" என்றது இன்னொரு குரல். "சக்கரை போட்டிருக்கலாம்."

நான் அதிர்ந்துபோய் நின்றேன். ஒன்பது வருடமாக நான் ஒருவனே சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்த ரகசியம்! இருபத்துமூன்று பேரும் ஆளுக்கொன்றாகச் சுமந்திருக்கிறார்கள். நான் பனியைப் பற்றிப் பேச்சை மாற்றியபோதெல்லாம் எதிரே இருந்தவரும் பூச்சி மருந்தைப் பற்றிப் பேசத் தயாராக இருந்திருக்கிறார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. பிஷப்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்" என்றார் கார்டீலியா, ஏதோ நல்ல சேதி சொல்கிறவர் போல.

"அப்போ நான் பீடத்துக்கு வராததையும் பாத்தீங்க."

சிரிப்பு நின்றது.

"ஒன்பது வருஷம். ஒரு தடவகூட இந்த வாயில அப்பம் படல. ஏமாத்தி ஊத்தி வச்ச கையோட வந்து எப்படி மண்டி போடறது? பாவ அறிக்கை பண்ணலாம்னா இவர்கிட்டதான் பண்ணணும். இவர்கிட்ட என்னத்தைச் சொல்லுவேன்? வேற ஊருக்குப் போய்ச் சொன்னா, நிறுத்துன்னு சொல்லுவாங்க. நிறுத்தினா இவர் செத்துருவாரு. ராஸ்கோவ அள்ளிட்டு வந்தவ நான். அதனால இவரு குடிக்காம இருக்கட்டும், நான் சாப்பிடாம இருக்கேன்னு உக்காந்துட்டேன். உங்க நாக்குக்குச் சாறு தெரிஞ்சுது. கண்ணுக்கு நான் தெரியலையா?"

நான் ஒவ்வொரு ஞாயிறும் அந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் சளி என்று நினைத்தேன். அப்புறம் மூட்டு வலி என்று நானே முடிவு செய்தேன். நானூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேல்! பத்தடி தூரத்தில் ஒரு பெண் பட்டினியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே உண்டு குடித்து எழுந்து போயிருக்கிறேன். எனக்கு அருவருப்பாக இருந்தது, என்மேல்.

"முழங்கால் வலின்னு நெனச்சோம்" என்றார் கார்டீலியா. குரல் இறங்கிவிட்டது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

ஃபாதர் பிராக்கெட் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, கூடம் முழுவதற்கும் கேட்கும்படி, "நான் குடிகாரன்" என்றார். "முதுகு வலி ஒண்ணும் இல்ல. முதல்லயே சொல்லியிருக்கணும். ஒரு பாதிரியார் கேக்க வேண்டிய ஒரே கேள்வியை இந்தம்மாகிட்ட நான் கேக்கல."

பிஷப் நெற்றியைத் தேய்த்தார். "அப்பம் உண்மையானதுதானே? அது மட்டுமே போதும்னு நம்ம சபை எப்பவோ சொல்லியிருக்கு. அதனால இங்க யாருக்கும் எதுவும் குறைஞ்சு போகல" என்றவர், ஹெஸ்டரைப் பார்த்ததும் மேலே பேசவில்லை.

ஹெஸ்டர் கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார். கழுவாத கோப்பைகளைத் தொட்டியில் விட்டுவிட்டு அவர் போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஒயின் என்று பிஷப் உத்தரவிட்டார். மிச்சத்தை நான் முடிக்க வேண்டும். ஃபாதர் எங்களோடேயே இருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது, அந்த நாற்காலியைத் தவிர. ஹெஸ்டர் வரவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, கிறிஸ்துமஸ்கூட.

நாங்கள் என்ன செய்தோம்? கேசரோல் செய்து அனுப்பினோம். டூனா மீன், கோழி, உருளைக்கிழங்கு, எல்லாம் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்டது. ஏழு வீட்டிலிருந்து ஏழு தட்டு. அவர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல், பூனை போல நடந்து திரும்பி வந்தோம். அத்தனைக்கும் பிறகும்! நாலாம் நாள் ஏழு தட்டும் கழுவித் துடைத்து ஆலயப் படியில் அடுக்கியிருந்தன. சீட்டுகூட இல்லை.

ஜனவரி முதல் சனிக்கிழமை நான் போனேன். கையில் எதுவும் இல்லை. கதவைத் தட்டினேன்.

"எட்டாவது தட்டா?" என்றார் ஹெஸ்டர், கதவைப் பாதி திறந்து.

"இல்லைங்க. சும்மாதான். ரோட்டை நல்லா வழிச்சிருக்காங்க இந்தத் தடவ."

"ம்."

"திங்கட்கிழமை திரும்பப் பனி வருதாம்."

"லேலண்ட் ஸ்லோகம், பனியைப் பத்திப் பேசவா வந்தே?"

கதவு மூட ஆரம்பித்தது. இத்தனை வயதில், இரண்டு வார்த்தை பேசப் பயந்தேன். அறுவைச் சிகிச்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"மிசஸ் பிளிம்ப்டன், ஏன் சாப்பிடல?"

கதவு நின்றது. அவர் என்னையே பார்த்தார். பத்து வயதுப் பையனின் தட்டைப் பார்த்த அதே பார்வை.

"அன்னைக்குச் சொன்னேனே."

"அன்னைக்கு நீங்களா சொன்னீங்க. நாங்க யாரும் கேக்கல. இப்போ கேக்கறேன்."

உள்ளே விட்டார். மதியம் வரை பேசினார். ராஸ்கோவைப் பற்றி, அந்த மார்ச் காலையைப் பற்றி, துணியில் போகாத கறையைப் பற்றி. அதெல்லாம் என்னோடு இருக்கட்டும். கிளம்பும்போது மட்டும், "ஃபாதர்கிட்டயும் யாராவது கேட்டீங்களா, எப்படி இருக்காருன்னு?" என்றார். இல்லை என்றேன். "அப்போ போய்க் கேளு" என்று என் தொப்பியை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் நான் கிராதியில் மண்டியிட்டிருந்தபோது யாரோ என் தோளை இடித்தார்கள். "தள்ளு" என்றது ஒரு குரல். தள்ளினேன். ஹெஸ்டர் கிராதியைப் பிடித்து, மெல்ல, பக்கத்தில் மண்டியிட்டார். கார்டீலியாவின் ஆர்கன் ஒரு கணம் தடுமாறியது.

ஃபாதர் பிராக்கெட் தட்டோடு வந்தார். எங்கள் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கையில் அப்பத்தை எடுத்தார். சொல்ல வேண்டிய வாக்கியம் வரவில்லை. வரிசையில் எல்லோரும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு, எதையும் பார்க்காதவர்களாக இருந்தார்கள்.

அந்தக் கிராதியில் யாரும் பேசியதில்லை, கட்டிய நாளிலிருந்து. ஹெஸ்டர் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டியபடி அண்ணாந்து பார்த்தார்.

"நிக்காதீங்க ஃபாதர்" என்றார், ஆலயம் முழுக்கக் கேட்கும்படி. "பசிக்குது."